பெரட்டுச் சங்கு

ஜெயராசா முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டு, பிறகுதான் அது எதற்கு என்று விசாரிப்பார். பதுளை பசாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். கடையோடு இருந்தவரை இந்தப் பழக்கத்தால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. பனிச்சமலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, கம்பனித் தலைவராகிக் கழுத்தில் டை கட்டிய பிறகுதான் சனியன் பிடித்தது.

போன வருசத்துப் புயல்மழையில் பாதை உடைந்து, ரயில் நின்று, தேயிலைப் பெக்டரி இருட்டில் கிடந்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மலை சரிந்தால் உங்கள் சனத்தை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்றார்கள். முதலாளி உடனே ஒரு கருவியைக் கொண்டுவந்து இறக்கினார். மலையில் பதித்துவிட்டால் மண் நகர்வதை அது கண்டுபிடிக்கும். ஆபத்தென்றால் கைபேசிக்குச் செய்தி வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சங்கும் ஊதும். கருவியைக் குறை சொல்லக் கூடாது, நல்ல கருவிதான்.

கம்பனியின் பதுளை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சுதர்சினிக்குத்தான் இந்த ஆட்டம் முதலில் பிடிக்காமல் போனது. அவள் பனிச்சமலையில் பிறந்தவள். அம்மா அங்கம்மா இன்னும் அங்கே கொழுந்து பறிக்கிறாள், தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான் குடியிருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் படங்களைச் சரிபார்க்க முதலாளி கூட்டம் வைத்தார். திரையில் முதல் படமே, முன்பு மலை சரிந்து லயங்களை மூடிய மீரியபெத்தைத் தோட்டத்து மண்.

"சேர், இந்தப் படம் வேணாமே" என்றாள் சுதர்சினி. அவளுடைய சின்னம்மா அந்த மண்ணுக்கடியில்தான் கிடக்கிறாள்.

"அதப் பாத்தாத்தாம்மா அவங்களுக்கு மனசு இளகும். மொத படத்துலயே ஆள அசத்திறணும்" என்றார் முதலாளி.

மேசையைச் சுற்றி இருந்த டைகள் எல்லாம் தலையாட்டின. சீ, என்ன ஜென்மங்களோ! செத்த வீட்டில் சாமான் விற்கப் போனாலும் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

அடுத்த படத்தில் பெக்டரிக் கூரையில் இருக்கும் பழைய சங்கு தெரிந்தது. "புதுச் சங்கு எதுக்கு? இருக்குறதோடயே கருவிய இணைச்சாச்சு. இதுக்குப் பேருதான் இனோவேசன்" என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

சுதர்சினிக்கு அந்தச் சங்கைத் தெரியும். பெக்டரிச் சங்கு ஊதினால் பெரட்டு என்று அர்த்தம். யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுக்கக் காலையில் ஆட்களைக் கூட்டுவதுதான் பெரட்டு. நேரங்கெட்ட நேரத்தில் ஊதினாலும் தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிடுகிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். பிந்திப்போனால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அரைநாள் கூலிதான் கிடைக்கும். அதனால் சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் கால்கள் தானாகவே பெரட்டுக்களத்துக்கு ஓடும். அந்தக் களமோ போன வருசத்து மழையில் வெடித்து நிற்கிற மலைக்கு நேர் கீழே இருந்தது.

"சேர், சங்கு ஊதுனா எங்க சனம் ஓடிப் போகாது. களத்துக்குத்தான் வரும். மலைக்கடியில கொண்டு போய் நாமளே நிறுத்துன மாதிரி ஆயிரும்" என்றாள்.

"நோட்டீஸ் ஒட்டிரலாம்."

"நோட்டீஸப் பாத்தா சேர் கால் நிக்கும்?"

"நீ கம்ப்யூட்டரப் பாரும்மா. ஸ்ட்ராட்டஜிய நாங்க பாத்துக்குறோம்" என்று சிரித்தார். டைகளும் சேர்ந்து சிரித்தன.

பாதுகாப்பு என்றால் அவருக்கு அர்த்தமே வேறு. பெக்டரி வாசலில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், பெண்கள் பை வைக்கிற இடத்தில் எல்லாம் கமரா பூட்டியாயிற்று, தேயிலைத்தூள் ஒரு பிடி வெளியே போய்விடக் கூடாதாம். மலையைப் பார்த்து ஒரு கமராகூட இல்லை. பாஸ்வேர்டைப் பொத்திப் பாதுகாக்க வேண்டுமென்று மேடைக்கு மேடை பேசுவார், ஆனால் தன்னுடையது அவருக்கே நினைவில் நிற்காது. "சுதர்சினி, கொஞ்சம் அடிச்சு விடும்மா" என்று அவளைத்தான் கூப்பிடுவார்.

ஒத்திகை நாள் வந்தது. விருந்தினர்கள் துரை பங்களா விறாந்தையில் தேநீரோடு உட்கார்ந்தார்கள். முதலாளி பொத்தானை அமுக்கினார். சங்கு ஊதியது. கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கூடையோடு விழுந்தடித்து ஓடிவந்து, களத்தில் வரிசை பிசகாமல் நின்றார்கள். மேலே பறந்த டிரோன் அதைப் படம் பிடித்துத் திரையில் காட்டியது. "என்ன ஒழுங்கு!" என்று ஒரு வெள்ளைக்காரர் கைதட்டினார். இதுதான் பாதுகாப்பான இடமா என்று இன்னொருவர் கேட்டார். "ஆமாம்" என்றார் முதலாளி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

சுதர்சினி களத்துக்கு இறங்கிப் போனாள். ஆளுக்கொரு பிஸ்கட் பக்கெற் கொடுத்து, கையில் பிடித்தபடி நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடி கூப்புட்டாங்க?" என்று கேட்டாள் அங்கம்மா. மூச்சு இன்னும் வாங்கியது.

"மலை சரியப்போகுதுன்னா ஊதுறதாம்மா இது."

"அப்ப ஏன்டி மலைக்கடியில வரச் சொல்றாங்க?"

சுதர்சினி அம்மாவின் நெற்றியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஐப்பசி அடைமழை விடாமல் பிடித்தது. ஒரு காலை ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பனிச்சமலைச் சரிவு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது. யாரும் நிறுத்தாவிட்டால் சற்று நேரத்தில் சங்கு தானாக ஊதும் என்று திரை சொன்னது. முதலாளிக்குப் போன் அடித்தாள்.

"நல்லதாப் போச்சு! ஊதட்டும்" என்றார் அவர். குரலில் கல்யாண வீட்டுச் சந்தோசம். "வாங்குறவங்க போனுக்கும் மெசேஜ் போகும்ல. நெசமா நடந்தாத்தான் நம்புவானுங்க."

"சேர், சனம் பூராவும் களத்துக்கு வந்துரும்!"

"வந்தா தொரை பாத்துக்குவாரு. நீ எதையும் தொடாத."

அவர் போனை வைத்துவிட்டார். "தூ!" என்று திரையைப் பார்த்தே துப்பினாள் சுதர்சினி. முதலாளியின் பாஸ்வேர்டை அடித்துச் சங்கை நிறுத்தினாள். உடனே தோட்டத்துக் கோயில் தலைவர் மாரிசாமிக்கு அடித்தாள்.

"மாமா, மலை வருது! கோயில் மைக்கப் போடுங்க. களத்துப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது. எல்லாரையும் கோயில் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க."

"சங்கே ஊதலயேம்மா?"

"ஊதாது மாமா, நான் நிப்பாட்டிட்டேன்."

"அரப்பேரு போட்டுருவாங்கன்னு சனம் பயப்படுமே."

"உசுரு போனா எந்தப் பேரு மாமா? அங்கம்மா மக சொன்னதாச் சொல்லுங்க!"

மைக் கரகரப்பது போனில் கேட்டது. மாரிசாமி தொண்டை கிழியக் கத்தினார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் மேட்டில் ஏறி முடிந்த பிறகு மலை இறங்கியது. பெரட்டுக்களம் இருந்த இடம் தெரியவில்லை. கொழுந்து மடுவத்தில் பாதியும் போயிற்று. ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் முதலாளி புதுச் சப்பாத்தோடு வந்து சேற்றோரம் நின்று தொலைக்காட்சிக்குப் பேசினார். தன் தொழில்நுட்பம் சனத்தைக் காப்பாற்றிவிட்டதாம். வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்து குவிந்தது. அந்த வாரமே சுதர்சினியைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்.

"என் பாஸ்வேர்ட நீ எப்பிடித் தொடலாம்? பாஸ்வேர்டுங்குறது மனுசனோட மானம் மாதிரி."

"தொடாம இருந்தா சனம் செத்திருக்கும் சேர்."

"சாகலயே! சிஸ்டம் வேல செஞ்சிச்சுன்னு உலகமே சொல்லுது. நீ நிப்பாட்டுனது வெளிய தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது?"

அந்த மூஞ்சியைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பாதுகாப்பை மீறியவள் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பதுளையில் அறை வாடகை கொடுக்க வழியில்லாமல் அம்மாவின் லயத்துக்கே திரும்பினாள்.

கம்பனி இயந்திரம் கொண்டுவந்து சேற்றை வழித்து அதே இடத்தில் களத்தைத் திருத்தியது. மிச்ச மடுவமும் லைட்டும் அங்கேதான் இருக்கிறதாம், வேறிடம் போனால் வீண்செலவாம். முதலாளி பாஸ்வேர்டை மாற்றினார். துரையைக் கேட்காமல் கோயில் மைக் போடக்கூடாது என்று உத்தரவும் வந்தது. சங்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஒரு காலை, கொட்டுகிற மழையில் சங்கு ஊதியது. அங்கம்மா எழுந்து, கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றினாள்.

"எங்கம்மா போற?" சுதர்சினி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சங்கு ஊதிருச்சுல்ல."

"எந்தச் சங்குன்னு தெரியுமா? மலைக்கு ஊதுனதா இருந்தா?"

"எனக்கு எப்பிடிடி தெரியும்? ரெண்டும் ஒரே சத்தந்தானே. பெரட்டுக்கு ஊதுனதா இருந்து நான் போகலன்னா அரப்பேரு போட்டுருவான். நீயும் வேல இல்லாம உக்காந்திருக்க. அடுப்பு எரிய வேணாமா? வழிய விடு."

சுதர்சினி துரைக்கு அடித்தாள், எடுக்கவில்லை. முதலாளிக்கு அடித்தாள். அவளுடைய இலக்கத்தை அவர் எப்போதோ தடுத்து வைத்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது அம்மா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எல்லாரும் களத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நில்லும்மா!" என்று கத்திக்கொண்டே சுதர்சினி செருப்பில்லாமல் மழையில் இறங்கி ஓடினாள்.