தலையசைக்க ஒரு படிப்பு

வார்டில் பல வருஷம் ஓடியாடி வேலை பார்த்த சிஸ்டர், பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இரண்டு ஆண்டு மேற்படிப்பை முடித்தார். உயர்நிலைச் செவிலியர் என்ற பட்டத்தோடு கடைக்கோடியில் இருந்த ஒரு சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நோயாளியைச் சோதிக்கலாம், நோயைக் கண்டுபிடிக்கலாம், மாத்திரை எழுதலாம் என்று தாராளமாக அனுமதித்திருந்தது செவிலியர் கவுன்சில். டாக்டர்கள் சங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், கடைசி நேரத்தில் ஒரு விதியையும் செருகிவிட்டது. நோயின் பெயரை மட்டும் டாக்டர்தான் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த நிலையத்து டாக்டரோ வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். வந்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பறப்பார்.

முதலில் மாட்டியவர் ஒரு லாரி டிரைவர். வெறும் வயிற்றில் எரிச்சல், நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு, முதுகுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள். வயிற்றை அழுத்திப் பார்த்து நாலு கேள்வி கேட்டதுமே அல்சர்தான் என்று சிஸ்டருக்கு விளங்கிவிட்டது. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி வேறு மருந்து எழுதினார்.

“எல்லாம் சரி சிஸ்டர், எனக்கு என்ன வியாதி?”

“அதை டாக்டர் வந்துதாண்ணே சொல்லணும்.”

டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. வாயால் சொல்லக் கூடாத வியாதி என்றால் என்னவாக இருக்கும்? வீட்டுக்குப் போனவர் லாரிச் சாவியை மச்சானிடம் கொடுத்தார். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டுக்குப் போய், அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் மனைவி சுகாதார நிலையத்தின் வாசலில் நின்றாள். “மறைக்காம சொல்லுங்க சிஸ்டர். எத்தனை நாள் இருப்பாரு?”

சிஸ்டர் விதியை மனசுக்குள் ஒருதரம் புரட்டிப் பார்த்தார். அதில் வாயைப் பற்றித்தான் இருந்தது. தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“புத்துநோயா?” என்றாள் அவள். சிஸ்டர் பலமாக இல்லையென்று தலையை ஆட்டினார். “டி.பி.யா?” அதற்கும் இல்லை. “அல்சரா?” கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆமென்று தலையசைத்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனை ஒரு பிடி பிடிக்கக் கிளம்பினாள். வெறும் அல்சர் என்று தெரிந்ததும் அண்ணன் பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

விஷயம் பரவியது. நோயாளிகள் வரும்போதே தெரிந்த வியாதிகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். வாய் வராதவர்களுக்கு வரிசையில் பின்னால் நின்றவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள்.

டாக்டர் காதுக்கு எட்டியதும் புகார் பறந்தது. கவுன்சில் கூடியது. தலையசைப்பது பேச்சா, சைகையா என்று ஒரு முழுநாள் வாதாடினார்கள். அரைகுறையாக அசைத்தால் என்ன கணக்கு என்றார் ஒரு மூத்த உறுப்பினர். கடைசியில், தலையசைப்பு ஒரு உயர்நிலைத் திறன், அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்று முடிவானது. அதுவரை தலை அசையக் கூடாது.

சொல்லித்தர ஆள் தேடினார்கள். அதில் அனுபவம் இருந்தது சிஸ்டர் ஒருவருக்குத்தான். அவரையே ஆசிரியராக நியமித்தார்கள். சான்றிதழ் இல்லாமல் பாடம் எடுக்கக் கூடாதே என்று ஒருவர் கிளப்ப, அதே வகுப்பில் மாணவியாகவும் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் சிஸ்டர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை வாசித்தார். தன் பெயர் வந்ததும், “உள்ளேன்” என்று தானே சொல்லிக்கொண்டார். மற்ற செவிலியர்களோடு சேர்ந்து முதல் நாள் அவரும் சிரித்தார். இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை. பரீட்சையும் எழுதினார். தன் தாளைத் தானே திருத்த முடியாது என்பதால், அவர் முடிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

பயிற்சி முடிந்து சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்த அன்று தையல்காரப் பெண் ஒருத்தி பரிசோதனைச் சீட்டோடு எதிரே உட்கார்ந்தாள். “எனக்கு என்ன சிஸ்டர்?”

சிஸ்டர் சீட்டைப் பார்த்தார். அவள் வீங்கிய கழுத்தைப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு அலுப்பு வந்தது.

“உங்களுக்குத் தைராய்டும்மா. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா பயமில்லை.”

“அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்.” மருந்து கொடுக்கும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள்.

சிஸ்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவருக்கும் பெயரைச் சொன்னார், அதற்கடுத்தவருக்கும் சொன்னார். அந்த வாரம் வந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு முகத்தைச் சுளித்தார், விதியை நினைவுபடுத்தினார். தான் சொல்வதற்கு இனி ஒரு பெயரும் மிச்சமில்லை என்று, அடுத்த வாரத்திலிருந்து வருவதை நிறுத்திக்கொண்டார்.