பதினேழாம் நம்பர் வண்டி

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எவ்வளவு தேய்த்தும் அப்பாவின் கட்டைவிரல் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. நேற்றுக் காலையில் ஒட்டிய எஞ்சின் எண்ணெய் அது. மகள் வண்டியிலிருந்து எண்ணெய் பார்க்கும் அளவுக்கம்பியை உருவிக்கொண்டு வந்து கட்டிலருகே நீட்ட, அவர் விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்து, "கறுத்திருக்கு, மாத்தணும்" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான். பெற்ற மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

"விடும்மா. பெட்டிய மூடிட்டா யாரு பாக்கப்போறா?" என்றான் அண்ணன். காலை விமானத்தில் வந்து இறங்கியவன், இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை வேறு வேலை கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் பதினேழாம் நம்பர் நின்றது. சிவப்பு வண்டி, இரண்டே இருக்கை, கூரை கிடையாது, கதவில் வெள்ளை வட்டத்துக்குள் பந்தய எண். அந்த மாதிரியில் செய்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தானாம். மற்றவை மரத்திலும் பள்ளத்திலும் முடிந்துபோக, மிஞ்சியது இது. முதலில் வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். மலைப்பாதைப் பந்தயத்தில் ஜெயித்தார். வீட்டுக்கு வந்ததும், "இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி சொல்லிவிட, வண்டி கைமாறியது. அடுத்து ஒரு மில் முதலாளியின் மகன். வட்டப் பந்தயத்தில் எல்லோரையும் முந்திப் பறந்தவனுக்கு, பாதியிலேயே எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இந்த வண்டிக்கு எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். நிறுத்தியதும் இருக்கைக்கு அடியில் உள்ள குழாயை மூட வேண்டும், கிளப்புவதற்கு முன் திறக்க வேண்டும். அன்றைக்குத் திறக்க மறந்துவிட்டார் மெக்கானிக்.

மானம் போன முதலாளி மகன் வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டான். அங்கிருந்து அதைக் கொண்டுவந்து, அதே எஞ்சினை இழைத்துத் தேற்றி, அதே களத்தில் தானே ஓட்டிக் கோப்பை வாங்கியவர் அப்பா. "இதுக்கு மேல இழைக்க உள்ள இரும்பு இல்ல. இன்னொரு தடவ இறுகினா அவ்வளவுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த மறதிக்கார மெக்கானிக் யார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. மகள் ஒரு தடவை கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் படுத்த நாளிலிருந்து தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவது அவள் வேலை. சத்தத்தில் சின்னப் பிசிறு கேட்டாலும் சுவரில் தட்டுவார். அதற்கும் முன்பே அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவனிடம், "எண்ணெய் மாத்தத் தெரியுமா?" என்று கேட்டு அனுப்பிவைத்த மனிதர்தான். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்துச் சிரித்தே தலை நரைத்துவிட்டது. கடலோர ஊரில் பேக்கரி வைத்திருக்கும் தோழி மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்: "மாடியில உனக்குன்னு ரூம் போட்டு வச்சிருக்கேன். எப்ப வருவ?" அப்பா இருக்கும்வரை அவள் பதில் சொன்னதில்லை. இன்று விடிந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டாள், வருகிறேன் என்று. வந்து இறங்கிய அண்ணனிடமும் சொல்லிவைத்தாள். அப்பா கிடக்கும்போது இப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

மலர்வளையத்தோடு ஓட்டல்காரர் வந்தார். அப்பா உயிரோடு இருக்கும்போதே வண்டியைக் கேட்டு நடையாய் நடந்தவர். அண்ணனும் அவரும் வண்டியறைக்குள் போய் வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்த அண்ணன் அவளைச் சமையலறைக்கு அழைத்தான்.

"நல்ல சேதி. வீட்டையும் சேத்து எடுத்துக்கிறாராம். வண்டி இங்கயேதான் நிக்கும். ஓட்டல் விருந்தாளிங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. அந்தக் காலத்து எஞ்சினே இன்னும் ஓடுது, அதுக்காகத்தான் வாங்குறேங்கிறார்."

"சரி."

"தினம் கிளப்பி வைக்க நீ வேணும்கிறார். உன் ரூம் உனக்கே. சம்பளமும் உண்டு."

"நான் போறேன்னு சொல்லியிருந்தேனே, அண்ணா."

"மாவு பிசையவா? அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. இதுக்கு உன்ன விட்டா யாரு?" அவள் தோளைத் தட்டினான். "நான் சரின்னு சொல்லிட்டேன். உனக்கும் ஒரு பிடிப்பு வேண்டாமா?"

அவனுக்கு உண்மையிலேயே தங்கைக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம். அதோடு எப்படி மல்லுக்கு நிற்பது? அடுப்பு மேடையைப் பார்த்தபடி நின்றாள். இதே மேடை, இதே ஜன்னல், காலையில் அதே இரைச்சல். சுவரில் தட்டும் கை மட்டும் மாறப்போகிறது.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. அப்பாவோடு பந்தயம் ஓட்டிய கிழவர்கள் மூன்று பேர், பெட்டியைத் தூக்கும்போது பதினேழு உறுமியாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"போம்மா, கிளப்பு" என்றான் அண்ணன்.

வண்டியறையின் பெரிய கதவைத் திறந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மற்ற நாளென்றால் உட்காரும்போதே இடது கை தானாக இருக்கைக்கு அடியில் போயிருக்கும். இன்று அந்தக் கையில் மண்ணெண்ணெய்த் துணி இருந்தது. வலது கை சாவியைத் திருகிவிட்டது.

பதினேழு ஒரே உறுமலில் கிளம்பியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அவள் பழக்கத்தில் எண்ணெய் அழுத்தமானியைப் பார்த்தாள். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது.

எண்ணெய்க் குழாயைத் திறக்கவில்லை. குனிந்தால் குழாய் ஒரு சாண் தூரம்தான். ஒரு திருகு போதும்.

பெட்டியைத் தூக்கிய நால்வரில் ஒருவனாக அண்ணன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். சவ வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஓட்டல்காரர் முகமெல்லாம் பூரிப்பு. அண்ணன் தலையைத் திருப்பி, சத்தத்துக்கு மேல் கத்தினான்:

"இன்னும் கொஞ்சம் முறுக்கும்மா! அப்பாவுக்குக் கேக்கட்டும்!"

அவள் மிதியை அழுத்தினாள். இடது கையில் இருந்த துணியை மடியில் விரித்து, ஓரம் சேர்த்து, நாலாக மடித்தாள்.