சுவரில் ஒட்டியது

எண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. பதினோரு வருடமாக எட்டாத எண் அது.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளின் கழிவைப் பாறை போன்ற பீங்கானுக்குள் பூட்டி வைக்கப் பார்ப்பது அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. லட்சம் வருடம் தாங்க வேண்டும். அதுவரை உட்கார்ந்து பார்க்க யாருக்கு ஆயுசு இருக்கிறது? அதனால் பீங்கான் வில்லையைத் தொண்ணூறு டிகிரி வெந்நீரில் இருபத்தெட்டு நாள் ஊறப்போட்டு, சீசியம் என்ற தனிமம் எவ்வளவு கசிந்தது என்று பார்ப்பார்கள். சோதனைக்கு எடுப்பது கதிர்வீச்சில்லாத சீசியம்தான். ஆனால் குணம் அதேதான். கசியும், கசிந்தது பாத்திரச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தண்ணீரை எடுத்த பிறகு காலிப் பாத்திரத்தில் அமிலம் விட்டு ஒரு நாள் வைத்து, ஒட்டியதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

இந்தத் தடவை கசிவு வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. எந்தப் பிரிவு தொடரலாம் என்று முடிவு செய்யும் குழுவுக்கு இரண்டு மணிக்குள் அது போனால் இவர்களுடைய பீங்கான் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடிப் பிரிவு விழுங்கிவிடும். கழிவைக் கண்ணாடியோடு உருக்கி ஊற்றுகிற அவர்கள் இவர்களை ‘சட்டிப்பானைக் கூட்டம்’ என்பார்கள்.

குறிப்பேட்டில் ‘அமிலம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. பாத்திரங்களிலிருந்து தண்ணீரை எடுத்த அன்றைக்குத்தான் மகள் போன் செய்திருந்தாள். “நான் இனிமே அவரோட இருக்கப் போறதில்லம்மா. எதுவும் கேக்காத.” அவளும் கேட்கவில்லை. போனைத் தோளில் இடுக்கியபடி மூன்று பாத்திரங்களையும் நன்றாகக் கழுவி, வீட்டுப் பாத்திரம் போலக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிரிவுத் தலைவர் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற மூன்று மாதம்.

“இத அனுப்பாதீங்க சார்.”

“ஏம்மா? இன்னும் எவ்வளவு கொறையணும் உனக்கு?”

“கொறையவே இல்ல சார். மிச்சம் சுவர்ல இருந்துச்சு. அமிலம் விடாம கழுவி ஊத்திட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் நின்றபடியே இருந்தாள்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான்.”

“அப்ப சொல்லாம இருந்திருக்கலாமே.”

“இருந்து பாத்தேன் சார். காலைல ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூணு மணி நேரம் தாங்கல. நாம லட்சம் வருஷம் பேசறோம்.”

பிறகு போனை எடுத்தார். கண்ணாடிப் பிரிவின் தலைவரே குழுவுக்கும் தலைவர். கல்லூரியில் இவரோடு படித்தவர்.

“சட்டிப்பானைதான்டா பேசறேன். எண் இல்ல. ஆமா, எங்க பக்கம் தப்பு. ஒரு மாசம் குடு.”

எதிர்முனைக் குரல் அவளுக்கும் கேட்டது. “பதினோரு வருஷமா இதே ஒரு மாசம்தானேடா கேக்கற.” சிரிப்பு நீண்டது. அவர் போனைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் “சரி” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

“பிரிவ எடுத்துக்க திங்கக்கிழமை ஆள் அனுப்பறானாம். உலையைக் குளிர வைக்கச் சொல்றான்.”

பீங்கான் சுடும் அந்த உலைக்குள் ஆயிரத்து இருநூறு டிகிரியில் அடுத்த வில்லைகள் வெந்துகொண்டிருந்தன.

“ஒரேயடியா அணைச்சுட்டு வீட்டுக்குப் போம்மா. வந்திருக்கற பொண்ணு தனியா இருப்பா.”

“சட்டுனு குளிர்ந்தா வில்லை விரிசல் விட்டுடும் சார்.”

“விட்டா என்ன இனிமே?”

அவள் நிமிடத்துக்கு ஐந்து டிகிரி குறையட்டும் என்று பொத்தானை அழுத்தினாள். நான்கு மணி நேரம் ஆகும். மகளுக்கு ‘வர நேரமாகும், சாப்பிட்டுவிடு’ என்று செய்தி அனுப்பிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவரும் உலையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.