நான் களைத்த இடம்

கசெற் மட்டை அச்சடித்து வந்த அன்று நான் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் செபநாயகம், பரீட்சையில் பாஸாகிய பிள்ளை மாதிரி, அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'கிற்றார்: செபநாயகம். மவுத்தோகன்: பிலிப்பு.' நான் சுளகைக் கீழே வைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தேன்.

"பிலிப்பர் எப்பவப்பா மவுத்தோகன் வாசிச்சவர்?"

"மெல்லக் கதையும். றஹீமின்ரை பேரைப் போட்டால் தன்ரை கடைக்குப் பூட்டு விழுமெண்டு கசெற்கடைக்காரன் பயப்பிடுறான்."

"அப்ப ஒருத்தற்றை பேரையும் போடாமல் விடுறது. பிலிப்பற்றை பேரை ஆர் குடுத்தது?"

அவர் மட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். யார் கொடுத்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. பிலிப்பு எங்கள் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். பூசையில் பாட்டுக்காரர் ஒரு வரி முடிக்க முன்னம் அடுத்த வரிக்கு ஓடிவிடுவார். அந்த மனுசனுக்கு றஹீமின் மூச்சைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் இவர்.

செபநாயகம் எண்பத்திமூன்றாம் ஆண்டு வரைக்கும் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கிற்றார் அடித்தவர். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தபோது கிற்றாரை மட்டும் பிள்ளை மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரருக்கு அடித்துப் பழகிய புளூஸ் சங்கீதம்தான் அவருடைய உயிர். பாட்டுக் கிடையாது, வெறும் வாத்தியம். செத்தவீட்டில் அழுது களைத்தவர்கள் மூக்குச் சீறுகிற மாதிரி இருக்குமென்று நான் பகிடி பண்ணுவேன். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை. சைக்கிள் சாமான் கடை றஹீம் ஒருவன்தான், முஸ்லிம் சனம் இருக்கிற சோனகதெருவிலிருந்து மவுத்தோகனோடு வந்து, "அண்ணை, நானும் சேர்ந்து ஊதட்டோ?" என்று கேட்டவன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கிக் கறண்ட் போன பிறகுதான் இவர்களுக்குக் கசெற் அடிக்கிற விசர் பிடித்தது. இருந்தது இரண்டு றெக்கோடர். செபநாயகம் முதலே தனியாக அடித்துப் பதிந்த கிற்றாரை ஒன்றில் போட, றஹீம் அதோடு சேர்ந்து ஊத, இரண்டையும் மற்றது பதிய வேண்டும். கிடைத்த கடைசிப் பற்றரியைப் பதிகிற மெசினுக்குப் போட்டார்கள். பாடுகிற மெசினுக்கு? றஹீம் கடையிலிருந்து ஒரு டைனமோவைக் கொண்டுவந்து சைக்கிளில் பூட்டி, ஸ்ராண்டில் நிறுத்தி, வயர் இழுத்துவிட்டான். மிதிக்கிறது ஆர்? நான்தான். சட்டியை அடுப்பால் இறக்கிவிட்டு வந்து மிதிப்பேன்.

நானென்ன மெசினா? கொஞ்சத்தில் கால் உளையும். கால் சோர, கசெற் மெதுவாகச் சுற்றும், கிற்றாரின் சுருதி கீழே சரியும். செபநாயகம் தலையில் அடித்துக்கொள்வார். றஹீம் மட்டும் நிற்பாட்டமாட்டான். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, தன் சுரத்தையும் வளைத்துச் சரிகிற கிற்றாரோடு கூடவே இறங்குவான். நான் திரும்ப எட்டி மிதிக்க, அவனும் ஏறி வருவான். ஒருநாள் பதிந்ததைப் போட்டுக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க களைச்ச இடம்தான் இதிலை வடிவு" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் களைப்பை ஒருவரும் வடிவென்று சொன்னதில்லை. அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது கோப்பை தேத்தண்ணி கொடுத்தேன்.

"மட்டையிலை உன்ரை பேரும் என்ரை பேரும் ஒரே அளவு எழுத்திலைதான்ரா" என்று செபநாயகம் அவனுக்குச் சொன்னது என் காது கேட்கத்தான்.

ஒக்டோபர் கடைசியில் இயக்கப் பெடியள் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். முஸ்லிம் சனம் முழுக்க உடனே வெளிக்கிட வேண்டும், உடுத்த உடுப்போடு. றஹீமும் அப்படித்தான் போனான். போகிற வழியில் சோதித்து, காதில் கிடந்த தோட்டையும் கழற்றினார்களாம். அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையும் திறக்கவில்லை, எங்களுடையதும் சேர்த்துத்தான்.

மட்டையில் பிலிப்பின் பெயரோடு கசெற் நல்லாய் விற்றது. பிலிப்பை மறித்துக் கைகொடுத்தார்கள். அந்த மனுசனும் கொடுத்தார்! கடைக்காரன் இரண்டாவது கசெற் கேட்டான். இப்போது பிலிப்பு உண்மையாகவே ஊதித்தான் ஆக வேண்டும்.

மாசியில் ஒரு பின்னேரம் பிலிப்பு சிரித்துக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தார். "பழசை ஒருக்காப் போடும் செபநாயகம். பெடியன் எப்பிடி வளைச்சவன் எண்டு பாத்துப் பிடிச்சிடுவன்." பற்றரி இல்லை. நான் சைக்கிளில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்றால், றஹீமைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

றஹீம் ஊதத் தொடங்கினான். பிலிப்பு பையிலிருந்து மவுத்தோகனை எடுத்துச் சால்வையால் துடைத்தார். அதன் மூடியில் ஒரு பக்கத்து ஆணி இல்லை. அந்த இடத்தில் சைக்கிள் கம்பித் துண்டொன்று வளைத்துச் செருகியிருந்தது. அந்தக் கம்பியை றஹீம் எங்கள் வீட்டுக் குறட்டால் வெட்டியபோது நான்தான் குந்தியிருந்து பிடித்துக்கொண்டேன்.

"உது எங்காலை உங்களுக்கு?"

"சோனகதெருவிலை விட்டிட்டுப் போன சாமானுகளை விக்கினமெல்லே, தங்கச்சி. நல்ல மலிவு. ஜேர்மன் சாமான்."

நான் செபநாயகத்தைப் பார்த்தேன். அவரும் கம்பியைக் கண்டுவிட்டார். பிறகு கிற்றாரை மடியில் எடுத்து, தளராத தந்தியைத் தளர்ந்த மாதிரி முறுக்கினார்.

"நீர் மிதியும்" என்றார்.

நான் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தேன்.

"யசிந்தா, மிதியும் எண்டுறன்!"

இறங்கி நின்றேன். பின்சில்லு தன்பாட்டில் சுற்றியது. கிற்றார் சரிய, றஹீமும் அதோடு சரிந்தான். முந்தி ஏறி வருகிற இடம் வந்தது. ஏறவில்லை. இரண்டும் கீழே, இன்னும் கீழே, ஆளே இல்லாத ஒரு முனகலாகப் போய்க்கொண்டிருந்தன. பிலிப்பு மவுத்தோகனை உதட்டில் வைத்தபடி தன் இடம் வருமென்று பார்த்திருந்தார். சில்லின் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.