தோர்கில்லின் ஓட்டு

ஊராட்சித் தலைவர் ஆஸ்முண்ட் காலையில் போன் பண்ணி போர்க்ஹில்டிடம் விஷயத்தைச் சொன்னார். நூர்வோக் பள்ளிக்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று அன்று பிற்பகல் ஓட்டு. ஊராட்சிச் சபையில் நூர்வோக் கரைக்கு இருக்கிற ஒரே உறுப்பினர் அவள்தான். ஆனால் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவள் மகள் இங்குன். சொந்த ரத்தம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஓட்டும் போடக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது, சட்டம் அப்படி. அவள் இடத்தில் மாற்று உறுப்பினர்தான் உட்கார வேண்டும்.

மாற்று உறுப்பினர் யார் தெரியுமா? தோர்கில். வேட்பாளர் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறதே என்று இவள் கட்சிக்காரர்களே கடைசியில் அவனைச் சேர்த்தார்கள். ஊர்க்காரர்களோ வேடிக்கைக்காக ஓட்டுச்சீட்டில் அவன் பெயருக்கு நேரே குறி போட்டு மாற்று உறுப்பினர் இடத்துக்குத் தூக்கிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அவனுடைய கடா ஒரு வருஷம் பருவத்துக்கு முன்பே இவள் வேலியைத் தாண்டி ஆடுகளோடு சேர்ந்துவிட்டது. குட்டிகள் பனியில் பிறந்து பாதி செத்துப் போயின. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போதாக்குறைக்கு, "பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடமா, வெட்டிச் செலவு" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

ஒரு காலத்தில் நூர்வோக்கே தனி ஊராட்சி. அரசாங்கம்தான், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற ஃபியோர்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஹோல்மேயோடு அதைச் சேர்த்துக் கட்டியது. முதலில் அலுவலகம் அக்கரைக்குப் போனது, அப்புறம் டாக்டர் போனார், அப்புறம் கடை. மிச்சம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதுவும் போனால் பிள்ளை பெற்ற குடும்பம் ஒன்றுகூட இங்கே தங்காது.

சபையில் மற்றவர்களின் ஓட்டு இரண்டு பக்கமும் சரிசமம். நூர்வோக் நாற்காலி காலியாக இருந்தால் தலைவர் ஓட்டுத்தான் முடிவு, அவரோ மூடச் சொல்கிறவர். தோர்கில் வந்தாலும் தோற்கலாம், வராவிட்டால் தோல்வி நிச்சயம். போர்க்ஹில்ட் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்களா?" என்றாள்.

"கூப்பிட்டாங்க. காத்துல ஃபெர்ரி நின்னுபோச்சு. நான் என்ன பண்ண?"

"என் படகு இருக்கு. வா."

"நான் மூடத்தான் கை தூக்குவேன். தெரியும்ல?"

"நான் அதைப் பத்திப் பேசக் கூடாது. உன்னைக் கொண்டுபோய் உக்கார வைக்கிறது மட்டுந்தான் என் வேலை. பூட்ஸைப் போடு."

அவனுக்கும் வேறு வழியில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவன் காரணமில்லாமல் மறுக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினான்.

தோர்கில் மலைக்காரன். ஆடு மேய்க்கச் செங்குத்துப் பாறையில் ஏறுவான், ஆனால் சின்னப் படகு என்றால் குலை நடுங்கும். கரையின் முனையைத் தாண்டியதும் அலை மேலேயே வந்து விழுந்தது. அவன் காலையில் குடித்த கஞ்சியெல்லாம் கடலுக்குப் போனது. பலகையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். போர்க்ஹில்ட் சுக்கானை விடவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச நாக்கு துடித்தது. கெஞ்சிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படகை மட்டும் ஓட்டினாள்.

ஹோல்மேயில் சபைக் கூடத்தில் அவள் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய நாற்காலியில் தோர்கில், சொட்டச் சொட்ட நனைந்து, சுண்ணாம்பாய் வெளுத்துப்போய். தலைவர் திட்டத்தை வாசித்தார்: பிள்ளைகள் தினமும் ஃபெர்ரியில் ஹோல்மேக்கு வருவார்கள், ஃபெர்ரி ஓடாத நாளில் சின்னப் படகு ஏற்பாடு செய்யப்படும்.

தோர்கில் கை தூக்கிப் பேச அனுமதி கேட்டான்.

"சின்னப் படகுன்னா, இன்னைக்கு நான் வந்தேனே, அந்த மாதிரியா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றார் தலைவர்.

"பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வெட்டிச் செலவுன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா எனக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னைக்கு அந்த முனையில, காத்துச் சத்தத்துல இவளுக்குக் கேக்கலை, அம்மான்னு கத்தினேன். ஆறு வயசுப் பிள்ளை யாரைக் கூப்பிடும்?"

தலைவர் கை தூக்கச் சொன்னார். போர்க்ஹில்ட் தலை குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பள்ளி நீடிக்கும் என்று தலைவர் அறிவித்தது காதில் விழுந்ததும்தான் அழுதாள். அழுகிறோமே என்று வெட்கப்படவும் இல்லை.

வெளியே வராந்தாவில் தோர்கில் காபிக் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடு பண்ணிக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்காகப் போடலை," என்றான் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"தெரியும். அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்."