வனச்சரகரின் வலது கை

வனச்சரகரின் வலது கையில் முதல் காளான் ஒரு செவ்வாய்க்கிழமை முளைத்தது, அதுவும் அவர் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த பிறகு. முந்தின வாரமே வண்டுகள் ஜன்னல் வழியாக வந்து அந்தக் கையைத் துளைத்திருந்தன. வலியில்லை, ரத்தமில்லை, சட்டைக்குள் மரத்தூள்தான் உதிர்ந்தது. டாக்டர் விரலால் தட்டிப் பார்த்து, "பட்டுப்போன மரம். மத்தபடி பிரஷரெல்லாம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

சரகருக்குக் காரணம் தெரியும். மேலதிகாரி பார்வையிட வருகிறார், காடு பெருக்கித் துடைத்த மாதிரி இருக்க வேண்டும் என்றதும், விழுந்து கிடந்த மரங்களையெல்லாம் குவித்து எரிக்கக் கையெழுத்துப் போட்டது அந்தக் கைதான். தெரியாமல் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. கல்லூரியில் அவர் ஆராய்ந்ததே அதைத்தான்: வண்டு தன் உடம்பில் காளான் வித்தைச் சுமந்துபோய், செத்த மரத்தைக் குடைந்து விதைக்கும், காளான் மரத்தை இளக்கும், வண்டுக் குஞ்சுகள் அதைத் தின்று வளரும், மரம் மெல்ல மண்ணாகும். கூடப் படித்த மனைவியோடு காதல் வந்ததே வண்டு பிடிக்கப் போன இடத்தில். எரித்த அன்று அவள், "வண்டெல்லாம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள். "பறந்து போயிருக்கும்" என்றார்.

வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தார். பாராட்டுக் கூட்டத்தில் மேலதிகாரி, "காடு கண்ணாடி மாதிரி இருக்குய்யா" என்று கைகுலுக்கியபோது காளான் ஒன்று பிய்ந்து அவர் உள்ளங்கையோடு போயிற்று. அவர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். சரகருக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சட்டையைக் கழற்றிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும்ப்பா. அன்னைக்கே உன் சட்டையில புகை வாசம்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

அவரால் தலைதூக்க முடியவில்லை.

அதன்பின் காற்றில் விழுந்த மரங்களைத் தொட விடவில்லை. காலையில் போய் ஒவ்வொன்றின்மேலும் கையை நீட்டிவைத்து உட்காருவார். வண்டுகள் கையிலிருந்து கட்டைக்குக் குடிபோகும். சில வருஷங்களில் கட்டைகள் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்தன, மரங்கொத்திகள் திரும்பின. அடுத்தடுத்து வந்த மேலதிகாரிகள் காடு குப்பையாகக் கிடக்கிறது என்று திட்டினார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டார். கை மட்டும் மரமாகவே இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் காளான் நசுங்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். சாலையைக் கடக்கும்போது மனைவி வலப்பக்கமாக வந்து அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வாள். அவர் அப்போதும் குனிந்தபடியே நடப்பார்.