மேலே இருநூற்றுப் பத்து, கீழே எண்பது

குஞ்சிதபாதத்தின் இருதயத்துக்கு மாதம் பதினெட்டு ரூபாய் ஆகும் என்றார் டாக்டர் ஜெக்கரியா. குஞ்சிதபாதம் ஒன்பதுக்குக் கேட்டார்.

குடவாசலில் மூன்று தலைமுறையாக நெல் வியாபாரம் செய்கிற குடும்பம் எங்களுடையது. பேரம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தன் உயிரைப் பாதி விலைக்குக் கேட்ட மிராசுதாரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மேல இருநூத்திப் பத்து, கீழ எண்பது" என்று ரத்த அழுத்தம் பார்த்த கைப்பட்டையை அவிழ்த்தார் டாக்டர். "வயசு எழுபதாச்சு. சின்ன வயசுல ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிஞ்சு குடுக்கும். இப்ப இறுகிப் போச்சு. இருதயம் தள்ளுற வேகத்தை அது வாங்கிக்க மாட்டேங்குது. அதான் மேல் கணக்கு மட்டும் ஏறுது."

"இருநூத்திப் பத்தும் நீங்கதான் சொல்றீங்க, எண்பதும் நீங்கதான் சொல்றீங்க. நடுவுல ஒண்ணைப் போட்டு முடிங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இது நான் சொல்ற விலை இல்லீங்க. உங்க உடம்பு சொல்றது. இன்னொண்ணு, உட்கார்ந்த இடத்துலேருந்து வெடுக்குன்னு எந்திரிக்காதீங்க. ரத்தம் கால்லயே தங்கிரும். இந்த வயசுக் குழாய் சட்டுனு சுருங்கி அதை மேல தள்ளாது. மாத்திரை போட்டா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

"குஞ்சிதபாதம் எந்திரிச்சா ஊரே எந்திரிக்கும். நான் மெதுவா எந்திரிக்கணுமா?"

டாக்டர் அவரை விட்டுவிட்டு வாசலில் நின்ற வீரையனிடம் சொன்னார்: "விழுந்துட்டார்னா படுக்க வச்சு, காலைத் தூக்கி உசரத்துல வைப்பா."

"சரிங்க" என்றான் வீரையன்.

இந்த வீரையன் மிராசுதாரின் மூன்று ஏக்கரைப் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறவன். குத்தகைதாரரைப் பதிவு செய்யும் சட்டத்தை அப்போதுதான் சர்க்கார் கொண்டுவந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவனுக்கு வயலே கிடையாது. அவன் மனுக் கொடுத்துவிட்டான். அவன் வெறும் பண்ணையாள், தினக்கூலி என்று மிராசுதார் எதிர்மனுப் போட்டார். கூலியாள் என்று ஊருக்குக் காட்ட வேண்டுமே, அதற்காகவே போகிற இடத்துக்கெல்லாம் அவனையே வண்டி ஓட்டச் சொன்னார். அவனும் ஓட்டினான்.

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்த வயல் நெல் முழுவதையும் மிராசுதாரிடமிருந்தே வாங்கினேன், வீரையன் ஒரு மூட்டைகூட விற்றதில்லை என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குக் கூலி இரண்டு மூட்டை நெல். யோக்கியன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

மாத்திரை விஷயத்தில் பதினெட்டை ஒன்பதாக்கி அவர் பிடித்ததைச் சாதித்தார். தினம் ஒன்றை உடைத்துப் பாதியை விழுங்கி, மீதியைத் தீப்பெட்டியில் சேர்த்தார். விசாரணை அன்று காலையில் தலை கனத்தது. கோபத்தில் நரம்பு ஏதாவது வெடித்துத் தொலைக்குமோ என்று பயம் வந்தது. தீப்பெட்டியைக் கவிழ்த்து எட்டுத் துண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"பழைய பாக்கியெல்லாம் ஒரே நாள்ல நேர் பண்ணிட்டேன் பாய்" என்று சிரித்தார். இப்படிப்பட்ட மூளைக்கு ரத்தம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன!

நன்னிலம் தாலுக்கா ஆபீசில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். வீரையன் நின்றான். தாசில்தார் கேட்டதும், "குத்தகைதாங்க. ரெண்டு போகத்துக்கும் நெல்லு அளந்து குடுக்குறேன்" என்றான்.

"யாருடா குத்தகைக்காரன்?" என்று மிராசுதார் துள்ளி எழுந்தார். விரலை நீட்டினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நீட்டிய விரலோடு அப்படியே சரிந்தார். ஊர் எழவில்லை. குமாஸ்தா மட்டும் மைக்கூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் பதறியதுதான் மிச்சம். வீரையன் அவரைத் தரையில் மல்லாத்திக் கிடத்தி, இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்தான். சற்று நேரத்தில் கண் திறந்தது. முகத்தில் நிறம் திரும்பியது. தாசில்தார் தண்ணீர் கொடுத்தார். "எந்த ஊர், என்ன தேதி" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது.

கால்மாட்டில் நின்ற வீரையன் மிகப் பணிவாகச் சொன்னான்: "ஐயா, இந்த வருஷம் குத்தகை முப்பது கலம் நெல்லுக்கு மேல தாங்காதுங்க."

"முப்பதா?" படுத்தபடியே சீறினார் மிராசுதார். "போன தையில அறுபதுன்னு ஒப்புக்கிட்டு இப்ப முப்பதுங்கிறியா? ஒரு மரக்கால் குறைக்க மாட்டேன்டா!"

எழுபது வருஷத்தில் ஒரு முறைகூட, யாரும் சொன்ன கணக்கை மறுபேச்சில்லாமல் விட்டவரில்லை. அன்று விட்டிருக்கலாம்.

"குத்தகை அறுபது கலம். மிராசுதாரே ஒப்புக்கொண்டார். எழுதிக்குங்க" என்றார் தாசில்தார் குமாஸ்தாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு வந்தீங்க பாய்?"

"ஐயாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்குங்க" என்றேன்.

கூட்டிக்கொண்டும் போனேன். படுக்கையில் நூற்றைம்பது, நிற்கவைத்தால் தொண்ணூறு என்று அளந்தார் ஜெக்கரியா.

"நடுவுல அறுபது எங்க போச்சு?" என்றார் மிராசுதார்.

டாக்டர் கைப்பட்டையைச் சுருட்டி வைத்தார். வீரையன் இருந்தால் பதில் சொல்லியிருப்பான். தாலுக்கா ஆபீசுக்குப் பிறகு அவன் வண்டி ஓட்ட வரவில்லை.

ஆகக் கணக்கு இதுதான்: மாத்திரையில் மிச்சம் பிடிக்கப் பார்த்தது மாதம் ஒன்பது ரூபாய். கைவிட்டுப் போனது மூன்று ஏக்கரின் பிடி. நான்தான் சாட்சியே சொல்லவில்லையே, இரண்டு மூட்டை எதற்கு, ஒன்றுக்கு முடித்துக்கொள்ளலாம் என்று மிராசுதார் ஆள் அனுப்பினார். சம்மதித்தேன். அந்த ஒன்றும் இன்னும் வரவில்லை.